சத்தம் போடாத மீன்தொட்டி

மூளையைக் கடலில் விட்டுவிட்டு வலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள் நான். கீரி என்ற கடலோர ஊரில் எங்கள் வீட்டு மீன்தொட்டியில் நிரம்பும் தண்ணீர் ஒரு குழாய்வழியே கீழ்த்தொட்டிக்கு வடிந்து, மோட்டரால் மறுபடி மேலே ஏறும். அந்தக் குழாய் காற்றையும் சேர்த்து உறிஞ்சிக் களகளவென்று கத்தும்.

"செபமாலை சொல்லேக்க உதுவும் சேந்து செபிக்குது. நிப்பாட்டுங்கோவன்," என்றாள் மனைவி. அவள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து வளர்த்த தங்கமீன்கள் அவை.

வலை தண்ணீரை மறிக்காது என்பது கடலுக்குப் போகிறவனுக்குத் தெரியாதா? பழைய வலைத்துண்டைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தேன். சத்தம் நின்றது. பெருமையோடு தலைமன்னார்த் திருவிழாவுக்குப் போனோம்.

மாலையில் திரும்பினால் வீடெல்லாம் தண்ணீர். வலையில் பாசி சிக்கிக் குழாயை அடைத்திருந்தது. மேல்தொட்டி வழிந்து, கீழ்த்தொட்டி வற்றி, மோட்டர் எரிந்து, காற்றில்லாமல் மீன்களெல்லாம் செத்து மிதந்தன.

இப்போது நான் குழாயில் எதையும் திணிப்பதில்லை. காற்றுப் புகாதபடி ஒரு வால்வைப் பொருத்தி அளவாகத் திறந்து வைத்திருக்கிறேன். அது அடைபட்டாலும் தண்ணீர் வடிய, பக்கத்தில் இன்னொரு குழாயைச் சும்மா விட்டிருக்கிறேன். ஓட்டமும் குறையவில்லை.

"இப்ப சத்தமே இல்லை, பாத்தீரே?" என்றேன் மனைவியிடம்.

"மீனும் இல்லை."