யாரும் எடுக்காத மட்டை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு மகளின் வணக்கம். முதலாண்டு நினைவில் அப்பாவின் நல்ல குணங்களை மட்டும் எழுதச் சொன்னார் சித்தப்பா. எழுதுகிறேன். ஆனால் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுவேன்.

அப்பா கலவைப் பக்கத்தில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா சீக்கிரம் போய்விட, படிப்பை விட்டு ஆம்பூருக்கு வந்து ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் சேர்ந்தார். தம்பி தங்கைகளைக் கரையேற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாற்று மணலில் கம்பெனி அணிக்குக் கிரிக்கெட் ஆடினார், கேப்டனும் ஆனார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

அந்த அணியில் தேர்தல் கிடையாது. ஆயுத பூஜையன்று மெஷின்களோடு மட்டைக்கும் பொட்டு வைப்பார்கள். கற்பூரம் காட்டியதும் மட்டையை யார் எடுக்கிறாரோ அவர்தான் அந்த வருஷக் கேப்டன். எடுத்தால் சண்டை தீர்க்க வேண்டும், எல்லாருக்கும் லீவு கேட்டுச் சூப்பர்வைசர் முன்னால் நிற்க வேண்டும், தோற்றால் திட்டு வாங்க வேண்டும். யார் எடுப்பார்கள்? கையைக் கட்டிக்கொண்டு அப்பாவையே பார்ப்பார்கள்.

ஒரு வருஷம் அப்பா வேண்டுமென்றே கடைசியில் போய் நின்றார். கற்பூரம் அணைந்தது, பொரியும் கொடுத்தாயிற்று. மட்டை அப்படியே கிடந்தது.

"எடு கேப்டன், பேஜார் பண்ணாத" என்றார் அவருடைய தோஸ்த் ஜாபர் மாமா.

"இந்த தபா நீ எடேன்டா."

"நானா? எனக்கு இன்னா தெரியும்?"

அப்பாதான் எடுத்தார். ஏன் எடுத்தீங்க என்று வீட்டில் நான் சண்டை போட்டேன்.

"கேப்டன்னா பெரிய ஆட்டக்காரன்னு நெனச்சியாம்மா? எல்லாரும் கை கட்டி நிக்கும்போது கைய நீட்டிட்டவன், அவ்ளோதான். ஒரு தபா நீட்டிட்டா மடக்க விட மாட்டாங்க" என்றார்.

ஆட்டத்தைப் பற்றி அவருக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. கேட்சை விட்டவனை இடம் மாற்றக் கூடாது, அங்கேயே நின்றால்தான் அவனுக்குப் பயம் போகும் என்பார். கழிவுநீர் ஓடும் நாற்ற மூலையில் கேப்டன்தான் நிற்க வேண்டும் என்பார். அங்கே நின்றுகொண்டு கரையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பார்.

"ஒரே ஒரு மேட்ச்சு, அங்க உக்காந்து வேர்க்கடல தின்னுக்கினே பாக்கணும்மா. யார் ஜெயிச்சா எனக்கின்னா?"

அது நடக்கவில்லை. நுரையீரல் நோயோடு வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அணியினர் கட்டிலைச் சுற்றி நின்று, அடுத்த மேட்ச்சில் முதலில் யாரை இறக்குவது என்று கேட்டார்கள். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு அப்பா பதில் சொன்னார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அந்த வாரமே அப்பா எங்களை விட்டுப் போனார்.

அவர் இல்லாத ஆயுத பூஜையிலும் மட்டையை யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா படத்துக்குக் கீழே சாய்த்துவிட்டு, "எப்பவும் அவன்தாம்மா எங்களுக்குக் கேப்டன்" என்று ஜாபர் மாமா அழுதார். பாசம்தான், தெரிகிறது. ஆனால் செத்த பிறகும் அவரை விடமாட்டீர்களா?

ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணையிருந்தவர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த அணியினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. மட்டை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதை எடுக்க வரப்போகிறவர் அவர். வாருங்கள். அப்பா படத்துக்கு முன்னால் ஒரு கை வேர்க்கடலை வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போங்கள்.