பாதி தேய்ந்த கீபோர்டு

என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழைய கீபோர்டு இருக்கிறது. வெள்ளையாக வந்தது, இப்போது பழுப்பேறிவிட்டது. அதன் இடது பாதியில் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. விசைகள் எல்லாம் புளியங்கொட்டை போல வழவழவென்று தேய்ந்து கிடக்கின்றன. வலது பாதியிலோ எழுத்துகள் நேற்று அச்சடித்தவை போலப் பளிச்சென்று இருக்கின்றன. இது பள்ளி அலுவலகத்தில் கிடந்த ஏழு வருடமும் தினமும் இதைக் கடந்துதான் என் அறைக்குள் போயிருக்கிறேன். நான் இயற்பியல் படித்தவன். உராய்வைப் பற்றி எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன். ஒரு பாதி மட்டும் ஏன் தேய்கிறது என்று ஒரு நாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை.

திண்டுக்கல்லில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, அதோடு தற்காலிக எழுத்தராக வந்து சேர்ந்தவர் அந்த அம்மா. தாடிக்கொம்பிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். எல்லாரும் கிளார்க்கம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வேகத்தைப் பார்த்து வியக்காதவர்கள் எங்கள் பள்ளியில் கிடையாது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஒரு தகப்பனார் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைத்து முடிப்பதற்குள் காகிதம் பிரிண்டரிலிருந்து வெளியே வந்திருக்கும். அறைக்குள் இருந்தபடி நான் கேட்பது இரண்டு மூன்று தட்டல், கொஞ்சம் மௌனம், மறுபடி இரண்டு மூன்று தட்டல். இவ்வளவு குறைவான சத்தத்தில் இவ்வளவு எழுத்து எப்படி வருகிறது என்று கேட்க எனக்குத் தோன்றாமல் போயிற்று.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் காகிதத்தையும் கையில் கொடுக்கமாட்டார். மேசைமேல் வைத்து, நம் பக்கம் நகர்த்திவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு முறை எல்லார் முன்னாலும், "கையில குடுத்தா என்னம்மா, கை தேஞ்சா போயிரும்?" என்று கேட்டேன். அவர் அடுத்த காகிதத்தையும் மேசைமேல்தான் வைத்தார்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகி, புதிது ஒன்று வாங்க நிர்வாகம் சம்மதித்தது. பழையதில் இருப்பதை எல்லாம் புதியதற்கு மாற்ற எந்த மென்பொருள் நல்லது என்று பார்க்கும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டர் பத்திரிகைகளை வாங்கிப் படித்தேன். வரைபடத்தாளில் கட்டம் போட்டு மூன்று வழிகளை எழுதினேன். கடைக்காரர் தாமே ஒவ்வொன்றாக நகலெடுத்துத் தருவது ஒன்று. அதற்கென்றே விற்கும் ஒரு குறுந்தகடு இரண்டாவது. புதிய கம்ப்யூட்டரிலேயே இருந்த மென்பொருளை வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள் போட்டு மாற்றுவது மூன்றாவது. வேகம், பாதுகாப்பு, சுலபம் என்று தலைப்பிட்டு மதிப்பெண் போட்டு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். தேர்வு சரியானதுதான். அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவரை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாற்றும் நாளன்று மாலை நான்கு மணிக்குத் தாளாளர் சாமியார் வந்து புதிய கம்ப்யூட்டரை மந்திரித்து ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. தீர்த்தமும் மெழுகுவத்தியும் தயார். மூன்று மணிக்கு மென்பொருள் என்னைக் கேட்டது: கோப்புகள் மட்டுமா, அமைப்புகள் மட்டுமா, இரண்டுமா? இரண்டும் என்றால் வெகுநேரம் ஆகலாம் என்று கீழே ஒரு வரி. கிளார்க்கம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"சார், ரெண்டையும் குடுத்துருங்க சார்."

"செட்டிங்ஸுல என்னம்மா இருக்கு? பின்னாடி இருக்குற படமும் எழுத்து சைஸும்தானே?"

"இல்ல சார், நான் கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன். அதும் வந்துரும்ல?"

"வந்துரும், வந்துரும்" என்றேன். அவர் மேசைவிரிப்பு எடுக்கப் போனார். நான் 'கோப்புகள் மட்டும்' என்பதை அழுத்தினேன்.

நான்கு மணிக்கு முன்பே எல்லாக் கோப்புகளும் வந்துவிட்டன. அந்தப் பெருமையில், பழைய கம்ப்யூட்டரைத் துவக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க அன்றைக்கே முழுதும் அழிக்கச் சொன்னேன். சாமியார் தீர்த்தம் தெளித்தார். எல்லாரும் கை தட்டினோம். போகும்போது சாமியார், "இன்னும் ரெண்டு வாரத்துல வாரேன். கிளார்க்கம்மா வேலையை நேர்ல பாத்துட்டு நிரந்தரமாக்கிருவோம்" என்றார். ஏழு வருடமாக அந்த அம்மா காத்திருந்த வார்த்தை அது.

மறுநாள் காலை அலுவலகத்தில் வழக்கத்தில் இல்லாத சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, விட்டு விட்டு. வெளியே வந்தேன். ஜூன் மாதம், சான்றிதழ் வாங்கச் சன்னல் முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். அலுவலக உதவியாளர் கேலி பேசிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, மின்னலு மாதிரி அடிப்ப. இன்னிக்கு என்ன கோழி கொத்துற மாதிரி கொத்திக்கிட்டு இருக்க?"

"கோழிக்காவது காலு ரெண்டுண்ணே. எனக்குக் கை ஒண்ணுதான" என்றார் கிளார்க்கம்மா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

நான் கையிலிருந்த கோப்பைப் போட்டுவிட்டு, கிளார்க்கம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவருடைய வலது கை மடியில் கிடந்தது. குழந்தையில் வந்த காய்ச்சலில் அதன் விரல்கள் செத்துப்போய்விட்டனவாம். பார்க்க ஒன்றும் தெரியாது. எழுதவோ எடுக்கவோ உதவாது. இடது கையால் கொடுப்பது மரியாதை இல்லை என்றுதான் ஏழு வருடமும் மேசைமேல் வைத்திருக்கிறார். பக்கத்தில் வயரைச் சுருட்டி வைத்திருந்த பழைய கீபோர்டு அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அவர் 'போட்டு வைத்திருந்தது' என்ன என்பதை அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஒற்றைக் கைக்காக அவர் அந்தக் கம்ப்யூட்டரைப் பழக்கியிருந்தார். ஷிப்ட் விசையைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டாலும், அழுத்திப் பிடித்திருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். இடது கைக்கு எட்டும் இரண்டு மூன்று எழுத்தைத் தட்டி ஸ்பேஸ் கொடுத்தால், ஒரு முழு வாக்கியம் வந்து விழும். எங்கள் பிள்ளைகள் வரும் ஊர்கள், அவர்களுடைய தகப்பன்மார் தொழில்கள், நன்னடத்தை வரி, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதும் நீண்ட வணக்க வரிகள் என்று ஆயிரத்துக்கும் மேலே. எதையும் அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கவில்லை. எல்லாம் நான் அழித்த கம்ப்யூட்டரில் இருந்தன.

முதல் மணி அடிக்கும் முன்பே வந்து அவற்றை மறுபடி போடத் தொடங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாக்கியத்தை மெல்லச் சொல்வார். இடது கை விரல்கள் தாமாக எங்கேயோ போய் நிற்கும். கண்ணைத் திறந்து, அவை நின்ற எழுத்துகளைப் பார்த்துக்கொள்வார்.

"இம்புட்டையும் எப்படிம்மா ஞாபகம் வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"எனக்கு ஞாபகமில்ல சார். கைக்குத்தான் தெரியுது. நான் அதுகிட்டக் கேட்டுக்கிறேன்."

கீபோர்டின் அமைப்பிலும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். மிகவும் பலமான விரலுக்கு நேர் கீழே உள்ள விசையையே இரண்டு முறை தட்டினால் வந்தது, தகப்பனை இழந்த பிள்ளைக்குச் சான்று கேட்டு வரும் தாய்மாருக்கான வாக்கியம். "அவுங்கள நிக்க வச்சிறக் கூடாதுல்ல சார்" என்றார். நான் கட்டம் போட்ட வரைபடத்தாள் என் மேசையில் அப்போதும் இருந்தது. அதைப் பார்க்க எனக்குக் கூசியது.

இதற்கு நடுவில் ஒரு நாள் அவர் தயங்கிக் கேட்டார்: "ரெண்டும் குடுத்தோம்ல சார், ஏன் வரல?"

"இந்த சாஃப்ட்வேர்ல அதெல்லாம் முழுசா வராதும்மா" என்றேன்.

"சரி சார், அது என்ன பண்ணும், பாவம்" என்றார்.

சாமியார் சொன்னபடி வந்தார். மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நீண்ட கடிதத்தைச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். கிளார்க்கம்மா திணறினார். அலுவலகக் கடிதத்துக்கான வாக்கியங்களில் ஒன்றைக்கூட அவர் இன்னும் திரும்பப் போட்டிருக்கவில்லை. சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன ஹெட்மாஸ்டர், பிரமாதம்னீங்க? அடுத்த வருசம் பாப்போம்" என்று எழுந்துவிட்டார். அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். குற்றம் என்னுடையது, அவருடையது இல்லை என்று ஒரே ஒரு வரி. வெட்கம் தடுத்தது. சாமியாரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்தேன்.

"தேர்வு இருக்குன்னு தெரியும்ல, ஆபீஸ் லெட்டர மொதல்ல போட்டிருக்கலாமேம்மா?" என்று அவரிடம் கேட்டேன். கோபம்போலத்தான் கேட்டேன்.

"சன்னல்ல ஆளு நிக்குதுல்ல சார். லெட்டரு செத்த நேரம் பொறுக்கும்."

ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. மறுவருடம் அதே சாமியார் வந்து பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அந்த ஒற்றைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நிரந்தரமானது. ஆனால் அந்த ஒரு வருடத்தை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஓய்வுபெற்ற பிறகு, பாவசங்கீர்த்தனத்தில் முன்பின் தெரியாத ஒரு சாமியாரிடம் இதைச் சொன்னேன். சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிடுங்கள் என்றார் அவர். அதைத்தான் செய்யவில்லை.

நான் ஓய்வுபெற்ற நாளன்று, கூட்டம் கலைந்த பின் கிளார்க்கம்மா என் அறைக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் வைத்திருந்தார். வழக்கம்போல மேசைமேல் வைக்கப்போனவர் ஒரு கணம் நின்றார்.

"இடது கைதான் சார். தப்பா நெனச்சுக்கிற மாட்டீங்கன்னுதான் கையில குடுக்குறேன். என் கையப் பத்தி வேலையெல்லாம் போட்டுட்டுக் கேட்டது நீங்க ஒருத்தருதான்."

வாங்கிக்கொண்டேன். உள்ளே இந்தக் கீபோர்டு. அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

போன வாரம் என் மகன் எனக்கு ஒரு புதிய கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். எல்லாம் மாற்றியாயிற்று, பழையதை அழித்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, அவன் திரும்பிப் பார்த்தான். அவன் போன பிறகு கீழ்த்தட்டிலிருந்து இந்தக் கீபோர்டை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். தேய்ந்த விசைகளின்மேல் என் இடது கையை வைத்தபோது, பலமான விரலுக்குக் கீழே இருந்த விசை மற்றவற்றைவிட ஆழமாகக் குழிந்திருப்பது தெரிந்தது. எத்தனை தாய்மார் அந்தக் குழியின் வழியாகச் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

கிளார்க்கம்மா தாடிக்கொம்பில்தான் இருக்கிறார். இதை அச்சடித்து எடுத்துக்கொண்டு நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். மேசைமேல் வைத்துவிட்டு வரமாட்டேன். அவருடைய இடது கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன்.