பம்பரம் வாங்கிய ஜிக்

பம்பரத்துக்கு உட்கார்ந்து டீ குடிக்க வராது. தம்ளரோடு பட்டறையைச் சுற்றிச் சுற்றி வருவார். பாதி டீ மரத்தூளில் சிந்தும். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. நாற்பத்தொரு வயதுக்குள் அச்சகம், லாரி, செருப்புக் கடை என்று ஆறு வேலை பார்த்து ஆறையும் விட்டுவிட்டு வந்தவர். மரவேலை மட்டும் ஒன்பது வருஷமாக அவரைப் பிடித்து வைத்திருந்தது. ஆனால் அவர் செய்த நாற்காலிகளும் அவரைப் போலவே சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்தால் கிறீச்சிட்டன.

காரணம் அவருக்கே தெரியும். நாற்காலியின் குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்குப் போல மெலிதாக அறுத்து, காலில் இருக்கும் துளைக்குள் இறுக்கமாகச் செருக வேண்டும். அவரோ சட்டத்தைக் கையாலேயே நிமிர்த்திப் பிடித்து மேசை ரம்பத்தில் தள்ளுவார். ஒரு நாக்கு தடிக்கும், அடுத்தது மெலியும், மூன்றாவது கோணிக்கொள்ளும். மெலிந்ததற்குப் பசையை அள்ளி அப்புவார்.

அந்த நிலையில்தான் நூலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்.

"நாப்பது நாற்காலி வேணும். முதல்ல ஒண்ணு செஞ்சு காட்டுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து உக்காந்து பாப்பேன். படிக்கிற எடம், சத்தம் வரக் கூடாது. வந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்."

அவர் போனதும் பம்பரத்தின் மனைவி உப்புத்தாளைக் கீழே வைத்தாள். தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் அவள் வேலை.

"இதுவும் போச்சுன்னா பட்டறைய மூட வேண்டியதுதான். ஏழாவது வேலைக்கு நீங்க மட்டும் போங்க, நான் வரல."

அவள் சிரிக்காமல் சொன்னதுதான் அவரைக் குடைந்தது. இனிக் கையால் பிடித்து அறுப்பதில்லை, ஜிக் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தார். சட்டத்தைக் கவ்வி நிமிர்த்தி, ரம்ப மேசையில் நீளப் பள்ளமாக ஓடும் காடி வழியாக நேராகக் கொண்டுபோகும் சாதனம் அது. அதன் அடியில் ஓர் எஃகுப் பட்டை இருக்கும். அது காடிக்குள் ஆடாமல் ஓட வேண்டும். அவருடைய மெஷினோ பழையது, காடி எந்தக் கணக்கிலும் சேராத அளவு. அன்றைக்கு நல்ல மழை. கூரை ஒழுகி நனைந்த மரக் குவியலில் மேலாகக் கிடந்த துண்டை எடுத்து, காடிக்குள் கச்சிதமாகப் போய்வரும்படி அளவுக்கு ஒரு குச்சி சீவிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

கடைக்காரம்மா இரண்டு ஜிக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று கனத்த வார்ப்பிரும்பு, இன்னொன்று அலுமினியம். குச்சியைப் பட்டையோடு சேர்த்து வைத்து நகத்தால் தடவிப் பார்த்தார் பம்பரம். இரும்புக்கு அச்சாகச் சேர்ந்தது. அலுமினியத்தின் பட்டை ஒரு பொடி மெலிசு.

"அப்புறம் என்ன தம்பி, இரும்பயே கட்டிரவா?"

"கொஞ்சம் யோசிச்சுட்டு வரேம்மா."

இரும்பு கனம், ஒவ்வொரு தடவையும் தூக்கி வைக்க வேண்டும். அலுமினியம் இலகு, ஆனால் ஆடுமோ? ஒட்டுப்பலகையில் நாமே செய்துகொண்டால் என்ன? திங்கட்கிழமை மறுபடி போனார். இரண்டையும் தூக்கிப் பார்த்தார், திருகிப் பார்த்தார், வெறுங்கையோடு திரும்பினார்.

"கடையில உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டுட்டாங்களா?" என்றாள் மனைவி. "போட்டாலும் நீங்க எங்க உக்காரப் போறீங்க!"

அந்த நாள்களில் மழை விட்டு வெயில் கொளுத்தியது. குச்சி வண்டியின் முன்பெட்டியிலேயே கிடந்தது.

வியாழன் காலை மூன்றாம் முறை போனபோது குச்சி அலுமினியத்தோடு சேர்ந்தது.

"போன வாரம் இரும்புக்குத்தானே தம்பி சரியா இருந்துச்சு?"

"அன்னைக்கு அவசரத்துல பாத்துருப்பேன். குச்சி பொய் சொல்லுமா? இதையே கட்டுங்க."

"சரி. ஆனா ஒரு கீறல் விழுந்தாலும் திரும்ப எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

பட்டறைக்கு வந்து காடியில் வைத்தார். ஜிக் கடகடவென்று ஆடியது. ஒரு நாக்கு அறுத்தார், கோணல். இன்னொன்று அறுத்தார், வேறு பக்கம் கோணல். மனைவி குச்சியை எடுத்துக் காடிக்குள் போட்டாள். அதுவும் லொடலொடவென்று கிடந்தது.

"ஈர மரத்துல சீவுனீங்களா?"

அவர் குச்சியை எடுத்து நகத்தால் தடவினார். மரம் காய்ந்தால் சுருங்கும் என்று தெரியாதவரா?

"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மரமே காஞ்சு போச்சுங்க" என்றாள்.

அவர் வண்டிச் சாவியை எடுத்தார். "இப்பவே போய் மாத்திட்டு வந்துர்றேன்."

"போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அங்க போனா திரும்பவும் யோசிப்பீங்க. எப்ப அறுத்து எப்பப் பூட்டுறது? பசை காய ஒரு ராத்திரி வேணாமா?"

சாவி கையில் சுழன்றது. வாசல் வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். வழி ஒன்று இருந்தது. பட்டையின் பக்கவாட்டில் சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனை ஆணியை வைத்துத் தட்டினால், ஒவ்வொரு குழியைச் சுற்றியும் எஃகு இம்மியளவு மேலெழும்பும், தளர்வு போய்விடும். ஆனால் தட்டிவிட்டால் ஜிக் அவருடையதுதான். எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்க ரசீதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்திருக்கும் மனிதர் அவர். இப்போதும் கை அங்கேதான் போனது.

மனைவி பஞ்ச் ஆணியையும் சுத்தியலையும் அவர் முன்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

முதல் அடிக்கு முன் மூன்று முறை சுத்தியலை ஓங்கி இறக்கினார். நான்காவது முறை தட்டினார். டங். பளபளத்த பட்டையில் ஒரு குழி விழுந்தது. அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. வரிசையாகத் தட்டினார், ஓர் இடத்தில் இறுகியதை அரத்தால் தேய்த்துவிட்டார், காடியில் வைத்துத் தள்ளினார். ஜிக் சத்தமில்லாமல் போய் சத்தமில்லாமல் திரும்பியது. அன்று மாலைக்குள் எட்டுச் சட்டங்களின் நாக்குகளும் உள்ளங்கையால் தட்டியதுமே துளைக்குள் இறங்கி நின்றன.

மறுநாள் நூலகத்து அம்மா உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், வேண்டுமென்றே ஒரு பக்கமாக நெளிந்தார். பம்பரம் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க சார்! உங்க செருப்புச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

நின்றார். அந்த அம்மா மறுபடி ஆட்டிப் பார்த்தார். தெருவில் போன வண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"மிச்சம் முப்பத்தொம்பதையும் ஆரம்பிச்சுருங்க."

அவர் படியிறங்கியதும் பம்பரம் ஜிக்கைத் தடவிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்: "இருந்தாலும், அந்த இரும்பு ஜிக்க வாங்கியிருந்தா…"

மனைவி உப்புத்தாள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் அடுத்த சட்டத்தை எடுத்தார்.