கையில் இரும்பு

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்கும் ஆட்களைக் கண்டாலே, ஆம்புலன்ஸில் முதலுதவி பார்க்கும் ஷோபனாவுக்கு ஆத்திரம் பொங்கும். செஞ்சியைச் சுற்றி அவளிடம் திட்டு வாங்காத ஊரே இல்லை.

அன்று வல்லம் பக்கம் கடலைக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும்போது வெயில் தாங்காமல் விழுந்தது அவளுடைய அம்மா. உடம்பு அனலாகக் கொதித்தது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஷோபனா ஈரத்துணியைப் போர்த்தி, ஊசி போட்டு, வண்டியில் ஏற்றினாள். இழுப்பு நிற்கவில்லை.

"எழிலா, இன்னும் இன்னா பாக்குற? வண்டிய எடுடா."

டிரைவர் எழிலன் அசையவில்லை. "சாவி இல்லக்கா."

"எங்கடா தொலைச்ச?"

இறுகிக் கிடந்த அம்மாவின் கைமுட்டியை அவன் தயங்கிக் காட்டினான்.

"நீதான்க்கா என் கையிலருந்து புடுங்கி அங்க வெச்ச."