சிவப்பு விளக்கின் மேல் ஒட்டிய டேப்

என் பழைய காரில் இரண்டு நாளாக ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. சென்சார் கோளாறுதான் என்று நானே முடிவு செய்து, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

கரமனைப் பாலத்தருகே என்ஜின் சூடேறி, புகை கிளம்பி, வண்டி நின்றது. மனைவியின் முன்னால் மெக்கானிக்கிடம் ஃபோனில் கத்தினேன்: "போன வாரம் என்னத்த சர்வீஸ் பண்ணினே நீ?"

மெக்கானிக் மழையில் நனைந்து வந்தார். ஆயில் அளக்கும் கம்பியை உருவினால் நுனிகூட நனையவில்லை. "சாரே, ஆயில் முழுக்க லீக்காயிருக்கு. லைட்டு எரியலையா?" என்றபடி உள்ளே குனிந்தவர் டேப்பைப் பார்த்துவிட்டார். மனைவி கவனிக்குமுன் உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"லைட்டு கேடாயிருக்கும்மா. நான் பார்த்திருக்கணும், தப்புதான்" என்றார் அவளிடம்.



அவரைத் திட்ட எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. மன்னிப்புக் கேட்க நான்கு நாளாயிற்று.