‘ஒன்றுமில்லை’ என்று நான் எழுதாத கட்டம்

எண்பதுகளின் பிற்பகுதியில், காசநோய்க்கான புதிய மருந்து ஒன்றைச் சோதித்துவந்த நிலையத்தில் நான் களப்பணியாளர். பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் அந்த மருந்தைச் சாப்பிடுபவர்களை வாரம் ஒருமுறை வீட்டில் போய்ப் பார்த்து, மிச்ச மாத்திரைகளைச் சரிபார்த்து, படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘புதிய உபாதைகள்’ என்று ஒரு கட்டம். பெரும்பாலும் “ஒண்ணும் இல்ல” என்பார்கள். அப்படியே எழுதிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன்.

பாரிவாக்கத்தில் இருந்த ஒரு பெண் திருமழிசை எஸ்டேட்டில் ஒயர் கம்பெனியில் நிறம் பார்த்து ஒயர் பிரிக்கும் வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும் நேரத்தில்தான் அவளைப் பார்க்க முடியும்.

“உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“நல்லா கீதுக்கா. இருமலே இல்ல.”

டப்பாவில் சிவப்பு, பச்சை என இரண்டு வகை மாத்திரைகள். சிவப்பைக் காட்டச் சொன்னேன். டப்பாவைக் கவிழ்த்துப் பொறுக்கி நீட்டினாள். அவள் கையில் இருந்தவை பச்சை.

“சிவப்பு கேட்டேன்.”

மறுபடி பொறுக்கினாள். இரண்டும் கலந்து வந்தன. அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“ரெண்டும் ஒரே மாரி கீதுக்கா. பத்து நாளா இப்டித்தான். கம்பெனில பக்கத்துல கீறவள கேட்டுகினு ஒயர் பிரிக்கிறேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா மாத்திரைய நிறுத்திட்டா? இப்பத்தான்கா நிம்மதியா மூச்சு உடறேன்.”

அவள் சொன்னதைச் சொன்னபடியே கட்டத்தில் எழுதினேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு எரிச்சலானார். அறிக்கை அந்த வாரமே போயாக வேண்டும்.

“ஒருத்தி சொல்றத வச்சு எழுதுவீங்களா? பிறவியிலேயே அப்படி இருக்கும். வேற படிவத்துல ‘ஒன்றுமில்லை’ன்னு எழுதிக் குடுங்க.”

“பிறவியிலேயே இருந்தா இத்தனை வருஷம் எப்படி சார் ஒயர் பிரிச்சா?”

அவர் புதுப் படிவத்தை மேசைமேல் வைத்தார். என் வேலை தற்காலிகம். ஆனால் எதிர்பாராத உபாதை எதுவானாலும் ஒரே நாளில் தலைமை மருத்துவருக்குத் தெரிய வேண்டும் என்பது சோதனையின் விதி. பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன்.

தலைமை மருத்துவர் அதிகம் பேசாத அம்மாள். இரண்டு முறை படித்தார்.

“வண்டி அனுப்பி அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க. இன்னிக்கே கண் பார்க்கணும்.”

கண் நரம்பில்தான் கோளாறு. அவளுக்கு அந்தப் புது மருந்தை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைத் தொடர்ந்தார்கள். பிறகு சோதனையில் இருந்த எல்லோருடைய கண்ணையும் பார்த்தபோது, இன்னும் இரண்டு பேர் மறைத்திருந்தது தெரிந்தது. அவர்களில் ஒருவர் லாரி ஓட்டுபவர். மருந்தின் அளவைக் குறைத்தார்கள். மாதந்தோறும் கண் பரிசோதனை கட்டாயமாயிற்று. “நீங்க எழுதினதுதாம்மா சரி” என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலும் சொன்னார்.

சில மாதம் கழித்து வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கூச்சல்: “அக்கா! உன் பொடவ பச்ச! பார்டர் செவப்பு!” அவள்தான். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தொண்ணூறுகளில் அந்த மருந்து கடைக்கு வந்தது. அம்பத்தூரில் ஒரு மருந்துக்கடையில் அதன் பெட்டியை வாங்கிப் பிரித்து, உள்ளே மடித்திருந்த தாளைப் பார்த்தேன். நிறம் பிரித்தறிவதில் மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லவும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

“இன்னா மேடம், அந்தப் பேப்பர யாருமே படிக்க மாட்டாங்க” என்றார் கடைக்காரர்.

“இந்த ஒரு வரி என்னால வந்ததுங்க” என்றேன், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.