காலைத் தூக்கும்மா

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை கேட்டுப் போன அன்று, முதலாளி என்று நினைத்து வேறொருவருக்குக் கும்பிடு போட்டேன். எழுபதுகளின் தொடக்கம் அது. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, வியர்த்து விறுவிறுத்துப் போய் நின்றேன். வயலுக்கு வேண்டிய பம்ப்செட் தயாரிக்கும் சின்ன ஷெட். மோட்டாருக்குள் தாமிரக் கம்பியைச் சுற்றி இறக்குகிற வைண்டிங் வேலைக்குப் பெண்கள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன். முன்னறை மேஜைக்குப் பின்னால் ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். என்னை பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்து, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். பக்கத்தில் ஒரு பெரியவர் குனிந்து கம்பித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "கால கொஞ்சம் தூக்கும்மா" என்றார். தூக்கினேன்.

அந்தப் பெரியவர்தான் முதலாளி. நாற்காலியில் இருந்தவர் ஃபிட்டர் ஏழுமலை. திங்கட்கிழமை இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சனிக்கிழமைச் சட்டம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்களில் ஒருவர் முதலாளி. முறை வைத்து வரும். வருகிற பார்ட்டியிடம் அவர்தான் பேசவேண்டும், விலை சொல்லவேண்டும். ஆர்டரை எடுக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அன்று அவர் சொன்ன சொல்லை யாரும் மாற்றக்கூடாது. முதலாளி அந்த ஆளின் இடத்தில் உட்கார்ந்து அந்த ஆளின் வேலையைச் செய்வார், கடைசியில் இடத்தைப் பெருக்குவது உட்பட. நான் வேலை கேட்டுப் போனதும் அப்படி ஒரு சனிக்கிழமைதான்.

அவரை நாங்கள் நைனா என்போம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களோடு எங்களைப் போலவே தமிழ் பேசுவார். இந்தச் சனிக்கிழமைக் கூத்து எதற்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "இங்க வேல கத்துக்கினவங்க நாளைக்கி சொந்தமா ஒரு ஷெட்டு போடணும்மா. கடசி வரிக்கும் எங்கிட்டயே கூலி வாங்கிக்கினு இருந்தா நான் இன்னாத்துக்கு?" என்றார்.

இப்போது பெரிய கம்பெனிகளில் வேலைக்காரர்களை முதலாளி மாதிரி யோசிக்கச் சொல்லி வகுப்பு எடுக்கிறார்களாம். என் மருமகள் அப்படி ஒரு வகுப்புக்குப் போய் வந்தாள். யோசிக்கச் சொன்னார்களே, நாற்காலியைக் கொடுத்தார்களா என்று கேட்டேன். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்களாம்.

எனக்கு அந்த நாற்காலி மேல் கொள்ளை ஆசை. என் அம்மா பொன்னேரி மார்க்கெட்டில் தரையில் கூடையை வைத்து மீன் விற்றவள். எங்கள் வீட்டில் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து விலை பேசியதில்லை.

சாயங்கால விலை

என் முறை வந்தது. இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். காலையிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. ஷெட்டில் புது பம்ப்செட்டுகள் வரிசையாக நின்றன. பொழுது சாயும் நேரத்தில் தடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ரெட்டியார் வந்தார். நிலம் நீச்சு உள்ளவர், பேரத்தில் கெட்டிக்காரர். நான் விலை சொன்னதும், அவ்வளவு டப்பு இல்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

மீன்காரி வயிற்றில் பிறந்தவளுக்கு அந்த நேரம் என்னவென்று தெரியும். காலையில் ஒரு விலை, உச்சியில் ஒரு விலை, பொழுது சாய்ந்தால் வந்த விலை. விற்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனால் நாளைக்கு அது மீனே இல்லை. கூப்பிட்டுக் குறைத்தேன். அவர் இன்னும் இரண்டடி நடந்தார். இன்னும் குறைத்தேன். இருந்த பம்ப்செட் அத்தனையையும் அவர் அடக்க விலைக்குக் கீழே வாங்கிக்கொண்டார்.

ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டார். கணக்குப் பார்க்கிற நைனாவின் மைத்துனர் ஓடி வந்து, இந்த வியாபாரம் செல்லாது என்று சொல்லும்படி நைனாவைக் கேட்டார். நைனா என் வைண்டிங் மேடையை விட்டு எழுந்து வந்தார். "நாற்காலியில குந்திக்கினு இருக்கறது அந்தப் பொண்ணு. அது சொன்னா சொன்னதுதான்" என்றார். பம்ப்செட்டுகளை வண்டியில் ஏற்ற அவரே ஒரு கை பிடித்தார். எல்லோரும் போனபிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏம்மா, மோட்டாரு இன்னா நாளைக்கி நாறியா பூடும்?"

நான் அழுதேன். ரயிலில் வரும்போது அதே கேள்வியை நினைத்துச் சிரிப்பும் வந்தது. மறுவாரம் மைத்துனர், இனிப் பெண்களுக்கு முறை கூடாது என்று பிடிவாதமாக நின்றார். முறைப் பட்டியலிலிருந்து என் பேர் போய்விடும் என்றுதான் நினைத்தேன். நைனா என் பேரை எடுக்கவில்லை.

எது மீன்

மறுபடி என் முறை வந்தபோது நல்ல கோடை. அதே ரெட்டியார் மாட்டு வண்டியில் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். வோல்டேஜ் குறைந்து உள்ளே இருந்த கம்பிச்சுருள் கருகியிருந்தது. பழைய கம்பியைப் பிரித்து, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைத்து எடுக்க நாலு நாள் ஆகும் என்றேன். போனமுறை பேரம் பேசிய மனுஷர் இப்போது தூணில் சாய்ந்துவிட்டார்.

"நாலு நாளா? பயிரு பால் புடிச்சிக்கினு நிக்குதும்மா. தண்ணி இல்லாம அது நிக்குமா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்டுப்போகிற சரக்கு என் ஷெட்டில் இல்லை, அவர் வயலில் இருக்கிறது. ஷெட்டில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரு மோட்டாரைக் காட்டி, இதைக் கொண்டுபோய் மாட்டுங்கள், உங்களுடையது தயாரானதும் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். வைண்டிங் கூலி வழக்கத்தைவிடக் கூடச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. மைத்துனர், மோட்டார் திரும்பி வராது என்று குதித்தார். சட்டம் சட்டம்தானே, மோட்டார் போனது. சொன்ன நாளில் திரும்பியும் வந்தது. கூடவே அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கருகின மோட்டார்கள் வர ஆரம்பித்தன. அன்றிலிருந்து மாற்று மோட்டார் கொடுப்பது எங்கள் ஷெட்டின் வழக்கமாகிவிட்டது.

"இப்பத்தான் எது மீனுன்னு கண்டுபுட்ச்சே" என்றார் நைனா. அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

பொன்னேரி

அந்தச் சந்தோஷம்தான் எனக்கு வினையாக வந்தது. பொன்னேரியில் ஒரு இடம் பார்த்து நீயே ரீவைண்டிங் கடை போடு என்று அவர் தொடங்கிவிட்டார். ஏழுமலை ஏற்கெனவே சோழவரத்தில் ஒரு லேத் போட்டுப் போயிருந்தார். நான் போகமாட்டேன் என்றேன். எனக்கு அந்த ஷெட் வேண்டும். வார்னிஷ் வாசனை, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பிரிக்கிற சோற்று டப்பா, என் குழம்புக்கு நடக்கிற சண்டை, எல்லாம் வேண்டும்.

"இங்கயே இருந்துடறேன் நைனா."

"இருந்தா உன் மொற வர்றதுக்கு எத்தினி மாசம் ஆவுது? உனக்கு டெய்லி மொற வேணும்மா. கெளம்பு" என்றார்.

கிளம்பினேன். போனவர்கள் இடத்தில் புது ஆட்களைச் சேர்த்து, அவர்களையும் நாற்காலியில் உட்காரவைத்து, அவர்களையும் அனுப்பினார். கெட்டிக்காரர்களை எல்லாம் துரத்தி ஷெட்டைக் காலி செய்கிறாயே என்று மைத்துனர் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.

என் கடைக்கு ஒரு இரும்பு நாற்காலி வாங்கினேன். முதல் சில வாரம் அதில் உட்காரவே பிடிக்கவில்லை. யாரிடம் காட்டுவது? பின்னால் வைண்டிங் மேடையில் நைனா இல்லாமல் அது வெறும் இரும்புதான். ஒரு முதல் சனிக்கிழமை, ரயிலடியிலிருந்து நடந்தே வந்தார். என்னை எழுந்திருக்க விடவில்லை. நேராகப் போய் வைண்டிங் மேடையில் உட்கார்ந்து, என்ன கேஜ் கம்பி என்று கேட்டு வாங்கிச் சுற்ற ஆரம்பித்தார். மாலையில் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கிக்கொண்டே நாற்காலிப் பக்கம் வந்தார்.

"கால கொஞ்சம் தூக்குங்க, மொதலாளி."

அதன்பிறகு முதல் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார். நடக்க முடியாமல் போனபிறகு வரவில்லை. இப்போது அவரும் இல்லை, அந்த ஷெட்டும் இல்லை. அவர் வழக்கத்தை நான் என் கடையில் விடவில்லை. என்னிடம் இருந்த பெண்களில் நாலு பேர் சொந்தக் கடை போட்டுவிட்டார்கள். நாற்காலியைக் கொடுப்பது பெரிய காரியமில்லை, அன்றைக்குத் துடைப்பத்தை எடுக்கத் தெரியவேண்டும். நான் கற்றது அவ்வளவுதான்.

இப்போது வீட்டோடு இருக்கிறேன். மருமகள் பெருக்க வந்தால் சொல்வதற்கு முன்பே என் கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது. குனிந்திருப்பது யார் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கீழே வைக்கிறேன்.